சாகாத பிள்ளைகளுக்குப் படையல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். நாத்து வாங்க வர்ற வெள்ளாமைச் சம்சாரிக எல்லாருக்கும் அது தெரியும். "முத்துப்பேச்சி பண்ணையில நாத்து வாங்குனா வசவு இனாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. பெறகு ஏன் வர்றாங்க? என் தக்காளி நாத்து பட்டுப்போகாது, அதனால வர்றாங்க. வடமதுரைக்குப் பக்கத்துல, திருச்சி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, பச்ச நிழல்வலை போட்டு வச்சிருக்கோம். தக்காளி, கத்தரி, மொளகா, செவ்வந்தி. நான் வெத போட்டு வளப்பேன். என் வீட்டுக்காரர் சோலைமலை குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி கேட்ட எடத்துல எறக்கிட்டு வருவாரு. நான் பேசுறதுல கால்வாசி அவரு பேசுனா அன்னைக்கு மழை பெய்யும்.

ஆனி மாசக் கடைசியில திண்டுக்கல் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. எங்க நாலு வயசு மக தமிழ்மதி எங்களுக்குக் கெடச்சதே அந்த ஆஸ்பத்திரியாலதான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் வயித்துல ஒண்ணும் தங்கல. போகாத கோயில் இல்ல, கேக்காத பேச்சு இல்ல. கடைசியில என் கருமுட்டையையும் அவரு உயிரணுவையும் வெளிய எடுத்து, கண்ணாடித் தட்டுல ஒண்ணு சேத்தாங்க. மூணு கரு தேறுச்சு. ஒண்ண என் வயித்துல வச்சாங்க, அதுதான் தமிழ்மதி. மத்த ரெண்டையும் அடுத்த பிள்ளைக்கு ஆகும்னு உறைய வச்சாங்க. ஆனா தமிழ்மதி பொறந்த அன்னைக்கு எனக்கு ரத்தம் நிக்கல. உசுரக் காப்பாத்தணும்னு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அடுத்த பிள்ளைங்கிற பேச்சு அன்னையோட முடிஞ்சு போச்சு. அந்த ரெண்டு கரு மட்டும் ஆஸ்பத்திரியிலயே இருந்துச்சு.

"அக்கா, லேப்ல இருந்து ஹரிணி பேசுறேன்"னு ஒரு பொண்ணு பேசுச்சு. "உறைய வைக்கிற பிரிவ இங்க மூடப்போறோம்க்கா. உங்களோடது ரெண்டு இருக்கு. வேற ஊருக்கு மாத்தி வைக்கலாம். இல்ல, வேணாம்னா வெளிய எடுத்து அழிய விட்டுறலாம். இல்லைன்னா ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம். நீங்களும் அண்ணனும் சேந்து முடிவு பண்ணிச் சொல்லணும்."

"ஆராய்ச்சின்னா? என் பிள்ளைகள அறுத்துப் பாக்கவா? அடி ஆத்தீ, நல்லாக் கேட்டியே ஒரு கேள்வி! நாளைக்கு வாரேன், நேர்ல பேசிக்கிறேன்"னு போனை வச்சேன். அவருகிட்டச் சொன்னேன். கேட்டாரு. மூஞ்சியக் கழுவிட்டு வண்டிக்கு டீசல் போடப் போயிட்டாரு. அம்புட்டுதான்.

மறுநாள் மகளப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு பஸ் ஏறுனேன். வழி நெடுக என்னென்ன கேக்கணும்னு வாயிலயே கோத்துக்கிட்டுப் போனேன். போனா, அந்த ஹரிணி சின்னப் பொண்ணு. சின்னாளபட்டிக்காரி. எனக்குக் கரு வச்ச நாள்ல ஓரமா நின்ன முகம்தான், எனக்குத்தான் அடையாளம் தெரியல. உக்கார வச்சுத் தண்ணி குடுத்துச்சு. நான் குடிக்கல.

"மொதல்ல இதச் சொல்லு. வேற ஒருத்தி வயித்துல வச்சு எங்களுக்குன்னு பெத்துக்கலாமா?"

"உங்களுக்குப் பிள்ளை இருக்குல்லக்கா. சட்டத்துல எடமில்ல."

"பிள்ளை இல்லாத வீடு எத்தன இருக்கு. அவங்களுக்குக் குடுத்துட்டா?"

"அதுக்கும் எடமில்லக்கா. உங்க கரு உங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப என்ன மசுருக்குச் சட்டம்"னு கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல. கோவிச்சிருந்தா எனக்குச் சவுகரியமாப் போயிருக்கும். சண்டை போட்டுட்டு வந்திருப்பேன். அது கம்ப்யூட்டரத் தெறந்து ஒரு படத்தக் காட்டுச்சு. எங்களோடது இல்ல, பாடத்துக்கு வச்சிருக்கிற படம். உருண்டையா, உள்ள பொக்குனு, ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் கட்டியா எதுவோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இது அஞ்சு நாள் கருக்கா. இந்த வெளிச்சுவரு பின்னாடி நஞ்சுக்கொடியாகும். ஓரத்துல இருக்குல்ல, இந்தக் கொத்து, இதுல இருந்துதான் பிள்ளை உருவாகணும். இன்னும் கண்ணுன்னு ஒண்ணு கெடையாது, நெஞ்சுன்னு ஒண்ணு கெடையாது. ஆனா இதுல இருக்கிற ஒவ்வொரு செல்லும் எதுவா வேணாலும் ஆகும். ஸ்டெம் செல்லுன்னு சொல்லுவோம். தமிழ்ல குருத்தணு."

குருத்துன்னா எனக்குப் புரியும். எங்கிட்டப் பேசுறதுக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு வழி கெடச்சிருச்சு.

இங்க வர்றதுக்கு முன்னாடி பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல அது இந்த வேலைதான் பாத்திருக்கு. அந்தக் கொத்த மட்டும் பதனமா எடுத்து, ஒரு தட்டுல வச்சு, சத்துத் தண்ணி ஊத்தணுமாம். தெனம் பழைய தண்ணிய எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும். தீவாளிக்கும் லீவு கெடையாது. பெருகிப் பெருகி தட்டு நெறைஞ்சிருச்சுன்னா பிரிச்சு வேற தட்டுகளுக்கு மாத்தணும். நெருக்கமா விட்டா கெட்டுப்போகுமாம். சிலது அதுபாட்டுக்கு வேற எதுவாவோ மாற ஆரம்பிச்சிரும். அதைப் பாத்துப் பாத்து நீக்கணும்.

"களை எடுக்கிற மாதிரி"ன்னேன், என்னையறியாம.

"அதேதாங்க்கா. நல்லாப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா பெருகிக்கிட்டே இருக்கும். ஒரு கருவுல இருந்து வந்ததக் கொஞ்சங் கொஞ்சமாப் பிரிச்சு ஊரு ஊரா இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்குக் குடுப்பாங்க. சத்துத் தண்ணிய மாத்திக் குடுத்தா நெஞ்சுத் தசையாகும், அதுவா துடிக்கும், நான் பாத்திருக்கேன். கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற செல்லாகும். சக்கரை வியாதிக்காரங்களுக்கு இன்சுலின் சொரக்கிற செல்லாகும். புது மருந்த மனுசன் ஒடம்புல போடுறதுக்கு முன்னாடி இதுல போட்டுப் பாப்பாங்க. ஆனா நாளைக்கே ஒருத்தருக்குக் கண்ணு வந்துரும்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. சிலது மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்குறாங்க. நெறையா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"சரி. அந்தக் கொத்த எடுத்த பெறகு அந்தக் கரு?"

அந்தப் பொண்ணு கண்ணாடியக் கழட்டிட்டு என் மொகத்தப் பாத்துச்சு. "அது பெறகு கரு இல்லக்கா. அதைப் பிள்ளையா வளக்க முடியாது."

"அப்ப ஒடச்சுத்தான எடுப்பீங்க?"

"ஆமாக்கா. ஒடச்சுத்தான்."

பூசி மெழுகிச் சொல்லியிருந்தா அந்த எடத்துலயே எந்திரிச்சிருப்பேன். ஆமான்னு சொன்னதும் அது குடுத்த தண்ணியக் குடிச்சேன். வலிக்குமான்னு கேட்டேன். வலிக்கிறதுக்கு நரம்பு உண்டாகுற காலத்துக்கு அது இன்னும் வரவே இல்லைன்னுச்சு. பெறகுதான் அந்தக் கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மூணு இருந்துச்சுல்ல. தமிழ்மதிய எப்படிம்மா எடுத்தீங்க?"

"மூணும் நல்லாத்தான்க்கா இருந்துச்சு. அன்னைக்குக் காலையில எது ஒரு பொட்டு முன்னாடி வளந்து நின்னுச்சோ, அத எடுத்தோம்."

ஒரு பொட்டு! சாயங்காலம் மக பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, தொட்டுக்க வச்ச வெஞ்சனம் புடிக்கலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு தயிருஞ்சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருந்தா. ஒரு பொட்டு பிந்தியிருந்தா இவ அந்த ஆஸ்பத்திரியில, மத்ததுல ஒண்ணு இங்க. கட்டிப்புடிச்சு அழுதேன். "விடும்மா, கை ஒட்டுது"ன்னா. என் வாய் அப்படியே அவளுக்கு.

நான் முடிவு பண்ணதுக்குப் பெரிய காரணமெல்லாம் ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் ஒரு சம்சாரி வந்து, "ஆத்தா, போன தடவ வாங்குன நாத்து காய் புடிச்சுக் கெடக்கு, வந்து பாரு"ன்னாரு. நான் எங்க போயி பாக்குறது? நான் வளக்கிறது பூராம் எவன் காட்டுலயோதான் காய்க்குது. எந்தக் காடுன்னு கூட எனக்குத் தெரியாது. அதுக்காக வளக்காம விட்டுட்டேனா? எடுத்து வெளிய வச்சு வாடவிடுறதுக்கு, எங்கயாவது போயித் தழைக்கட்டும்னு தோணிருச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு போடயில அவருகிட்டச் சொன்னேன். "குடுத்துருவோம்யா."

சோத்துல கைய வச்சபடியே, "வேணாம்"னாரு.

"ஏன்?"

"வேணாம்னா விடு பேச்சி."

அந்த ஊமைக்கோட்டான்கிட்ட அதுக்கு மேல வாங்க முடியுமா? நானும் விடல. காலையில கேட்டேன், மத்தியானம் கேட்டேன். தட்டுல வெதை போடயில கேட்டேன், தண்ணி தெளிக்கயில கேட்டேன். மனுசன் வாயத் தெறக்கல. கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் கட்டுச்சு. "உமக்கென்ன, சுமந்தவளா நீரு, கல்லு மாதிரி இருக்கீரு"ன்னு ஒரு நாள் சொல்லியே போட்டேன். நாத்துத் தட்டத் தூக்கிக்கிட்டு வண்டிக்குப் போயிட்டாரு.

ஆடி பொறந்துச்சு. அவங்க வீட்டுல ஆடி வெள்ளிக்குக் கன்னி கும்பிடுவாங்க. அவரோட அத்தை ஒண்ணு, எட்டு வயசுல காய்ச்சல்ல போயிருச்சாம். கல்யாணம் காச்சி பாக்காம சின்ன வயசுல போன பொம்பளப் பிள்ளை வீட்டுத் தெய்வமாகிரும். வருஷத்துக்கொரு தடவ அதுக்குப் புதுப் பாவாட சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் ஓலப்பெட்டியில வச்சு, கொழுக்கட்டையும் துள்ளுமாவும் படைக்கணும். பெட்டிய எறக்கி, துணி மாத்தி, திரும்பப் பரண்ல ஏத்துறது ஆம்பளைக வேலை. என் வேலை அடுப்படியில. இம்புட்டு வருஷத்துல நான் அந்தப் பெட்டியத் தெறந்ததே இல்ல.

இந்த வருஷம் அவரு நத்தத்துக்கு நாத்து எறக்கப் போனவரு, வண்டி பஞ்சராகி நின்னுக்கிட்டாரு. "நேரமாகுது, நானே எறக்கி வைக்கிறேன்"னு போன்ல சொன்னேன். "வேணாம், நான் வந்துர்றேன், நீ தொடாத"ன்னாரு. தொடாதன்னு சொன்னா நான் தொடாம இருப்பேனா? எறக்கித் தெறந்தேன்.

மேல அந்த அத்தையோட பாவாட சட்டை இருந்துச்சு. அதுக்கு அடியில, மஞ்சத் துணியில சுத்தி, ஒரு கைப்பிள்ளப் பாவாட. கூட ஒரு சின்ன டவுசர். டவுசர்னா என் உள்ளங்கையக் கூட மறைக்காது. அந்த ஜோடி போன வருஷத்தது. அதுக்கும் கீழ அதுக்கு முந்துன வருஷத்தது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலரு. ஆஸ்பத்திரியில இருக்கிற ரெண்டும் பொண்ணா பையனான்னு எங்க யாருக்கும் தெரியாது. மனுசன் தானா ஒரு பொண்ணு, ஒரு பையன்னு முடிவு பண்ணி, திண்டுக்கல் கடைவீதியில வாங்கிட்டு வந்து வச்சிருக்காரு. அந்த எடத்துலயே உக்காந்துட்டேன்.

அவரு வந்தாரு. பெட்டி தெறந்து கெடக்கிறதப் பாத்தாரு. எனக்கு அழுகையும் ஆத்தரமும் ஒண்ணா வந்துச்சு, ஆத்தரம்தான் முந்திக்கிச்சு.

"ஏய்யா, கூறு இருக்கா உமக்கு? செத்ததுக்குத்தான்யா கன்னி கும்பிடுறது! சாகாத பிள்ளைகளுக்குப் படையல் போட்டு வச்சிருக்கீரே, இப்படி யாராவது செய்வாங்களா? வெளங்குமாய்யா?"

"சாகலையா?" அவரு நெலவாசலப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "உன் கர்ப்பப்பைய எடுத்துட்டோம்னு வெளிய வந்து சொன்னாங்கள்ல. அப்பவே போச்சு பேச்சி அதுக. இனிமே வர்றதுக்கு வழியில்லன்னா செத்ததுதான. நீ மயக்கத்துல கெடந்த. நான் ஒத்தையில நின்னு கேட்டேன்."

கல்யாணமான நாள்ல இருந்து அவரு அம்புட்டுப் பேசி நான் கேட்டதில்ல.

"போனதுகள நிம்மதியா விட்டுருவோம். தட்டுல போட்டுக் கிண்ட வேணாம்."

நான் அழுதேன். கல்லுன்னு சொன்ன வாய எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியல. ஆனா விட்டுக்கொடுக்கவும் மனசு வரல. அந்தத் துணிகளப் பெட்டியில இருந்து வெளிய எடுத்துட்டேன். அத்தைக்குள்ளத மட்டும் அத்தைக்குப் படைச்சோம். "நீரு கையெழுத்துப் போடலைன்னா நானும் போட மாட்டேன்யா. சத்தியம். ஆனா நான் கேட்டதெல்லாம் நீரும் கேக்கணும். வந்து அந்தப் பொண்ணுகிட்ட உம்ம வாயாலயே வேணாம்னு சொல்லும்"னேன். தலைய ஆட்டுனாரு.

திங்கக்கிழமை நாத்து எறக்குற வேலைய ஒதுக்கி வச்சுட்டு ரெண்டு பேரும் குட்டியானையிலயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரு தீவாளிக்கு எடுத்த சட்டையப் போட்டுக்கிட்டாரு. ஏன்னு நான் கேக்கல.

ஹரிணி எங்கிட்டச் சொன்ன அம்புட்டையும் அவருகிட்டயும் பொறுமையாச் சொல்லுச்சு. ஒடச்சுத்தான் எடுக்கணும்ங்கிறதையும் மறைக்கல. எடுத்து வச்சா எல்லாமே தேறிராது, தேறாமப் போறதும் உண்டுன்னு சொல்லுச்சு. யாரு குடுத்ததுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தெரியாது, பெறகு என்னாச்சுன்னு நம்மளுக்கும் சொல்ல மாட்டாங்க, பேரெல்லாம் எடுத்துட்டு ஒரு நம்பர்தான் போடுவாங்கன்னும் சொல்லுச்சு. அவங்க வேலைய ஆரம்பிக்கிற வரைக்கும் வேணாம்னு திருப்பி வாங்கிக்கலாமாம். இவரு மடியில கைய வச்சுக்கிட்டு, வாத்தியாருக்கு முன்னாடி உக்காந்த பையன் மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, உங்களோடத உறைய வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கு. பாக்குறீங்களா?"

இப்படி ஒரு படம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. அவரு நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டாரு.

ரெண்டு உருண்டை. பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு கொஞ்சம் பெருசு. வேற ஒண்ணுமில்ல. அதப் பாக்கப் பாக்க என் மார்புல பால் கட்டுன மாதிரி வலிச்சுச்சு. இது பிள்ளை இல்ல, வெறும் செல்லுதான்னு எம்புட்டுச் சொன்னாலும் பெத்த மனசு கேக்குமா? அவரு கண்ண எடுக்காமப் பாத்தாரு. பெறகு, அன்னைக்கு மொதத் தடவையா வாயத் தெறந்தாரு.

"இப்ப எம்புட்டுக் குளுர்ல இருக்குதுக?"

"திரவ நைட்ரஜன்ல இருக்குண்ணே. சைபருக்குக் கீழ நூத்தித் தொண்ணூத்தி ஆறு டிகிரி."

"ஐஸக் காட்டிலும் குளுரா?"

"ஐஸெல்லாம் கிட்டக்கூட வராதுண்ணே."

அவரு மொகம் ஒரு மாதிரி ஆச்சு. "நாங்க குடுத்தோம்னா... அந்தத் தட்டு. அதுல வச்சிருப்பீங்கன்னீங்களே. அதுவும் குளுரா?"

"இல்லண்ணே!" அந்தப் பொண்ணுக்கே பதறிருச்சு. "இன்குபேட்டர்ல வச்சிருப்பாங்க. முப்பத்தேழு டிகிரி. அம்மா வயித்துக்குள்ள என்ன சூடோ, அதே சூடு."

"எம்புட்டு நேரம் வச்சிருப்பாங்க?"

"எப்பவுமேண்ணே, ராப்பகலா. சூடு கொஞ்சம் கொறைஞ்சாலும் அலாரம் அடிச்சிரும். யாராவது ஓடி வருவாங்க. நானே ஓடியிருக்கேன்."

"தாய் வயித்துச் சூடுதான?"

"அதே சூடுதாண்ணே."

அவ்வளவுதான். என் மனுசன் மூஞ்சிய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு அழுதாரு. தோளு ரெண்டும் குலுங்குது. அவரு அப்பா செத்தன்னைக்குக் கூட அந்த அழுகை அழுகல. நான் அவரு முதுகத் தடவிக்கிட்டே இருந்தேன். எனக்கும் பொல பொலன்னு கொட்டுச்சு. செத்துப் போச்சு செத்துப் போச்சுன்னு வாய்தான் சொல்லியிருக்கு. செத்ததுக்குக் குளுருமேன்னு எவனாவது நாலு வருஷம் மனசுக்குள்ள வெந்துக்கிட்டுக் கெடப்பானா?

"பேனா குடும்மா"ன்னாரு.

எனக்கு முன்னாடி அவருதான் கையெழுத்துப் போட்டாரு. நல்லா அழுத்திப் போட்டாரு. நானும் போட்டேன். ஹரிணி கம்ப்யூட்டர அணைக்கப் போச்சு. இவரு கைய நீட்டி, "செத்த இரும்மா"ன்னாரு. படத்துக்குக் கிட்டப் போயி, தமிழ்மதி தூங்கயில பேசுவாருல்ல, அந்தக் கொரல்ல மெல்லமாச் சொன்னாரு.

"இனிமே குளுராதுப்பு. போய்ட்டு வாங்க."